நாலாம் நம்பர் கண்ணாடி

ஆகஸ்ட் 22

அன்புள்ள குருவிக்கு மாமா எழுதுவது.

நான் அப்போதே சொன்னேன். நலம் விசாரிப்பதற்கு முன்னால் இதை எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு ஆளாளுக்கு ‘நான்தான் சொன்னேன்’ என்று கிளம்பிவிடுவார்கள். வடக்கு அறையில் காரை விழும் என்று போன மழைக்கே சொன்னவன் நான். யாரிடம் சொன்னீர்கள் என்று குறுக்குக் கேள்வி கேட்காதே. மனசுக்குள் சொன்னாலும் சொன்னது சொன்னதுதான்.

நேற்று முன்தினம் காலை பதினொன்றே கால் மணி. பதிவேட்டு அறையில் உன் அம்மா வழக்கம்போல மேஜையில் குனிந்து, ஐம்பது வருடத்துக்கு முந்தைய யாரோ ஒருவரின் பிறந்த தேதியைத் தேடிக்கொண்டிருந்தாள். நான் சாவிக்கொத்தோடு உள்ளே நுழைகிறேன், மேலே ‘பொருக்’ என்று ஒரு சத்தம். சுவரிலிருந்து ஒரு கதவளவு காரை பெயர்ந்து விழுந்தது. கதவு என்றால் அலமாரிக் கதவு. சரி, உன்னிடம் எதற்கு, ஒரு தாம்பாளம் அளவு. அக்காவின் நாற்காலிக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. நான் பாய்ந்து அவளை இழுத்திருப்பேன். அதற்குள் அதுவே விழுந்து முடிந்துவிட்டது.

அட்டெண்டர் பொடிக்காரர் போட்ட தும்மலில் பாதி அலுவலகம் கூடிவிட்டது. உன் அம்மா மட்டும் அசையவில்லை. “எல்லாரும் எதுக்கு நிக்கறீங்க? கூட்டித் தள்ளிட்டுப் போங்க, வந்தவரு காத்திட்டிருக்காரு” என்றாள். அவள் தலைமுடி முழுக்க வெள்ளைத் தூசி. அதைத் தட்டிவிடக்கூட இல்லை.

உன் பேச்சை எடுத்தால் இன்னும் பதிவேட்டைப் புரட்ட ஆரம்பித்துவிடுகிறாள். மே மாதம் நீ கட்டடத்தைச் சோதிக்க வந்து, மேலதிகாரி முன்னாலேயே “இந்த அறையை மூடணும்” என்று சொன்னதை அவள் மறக்கவில்லை. மூடினால் அவளை வேறு ஊருக்கு மாற்றுவார்கள் என்று அந்த மனுஷன் சொன்னாரே, அதையும் மறக்கவில்லை. “என்னைத் தூக்கிப் போடத்தான் இவளைப் படிக்க வச்சேனா?” என்று மாதத்துக்கு ஒரு முறை சுவரைப் பார்த்துக் கேட்கிறாள். ஆகவே நீ எனக்கு எழுது. எட்டாம் வகுப்பில் மட்டும் மூன்று வருடம் படித்தவன் நான். பத்தாவது படித்தவனைவிட எட்டாவதை ஆழமாகப் படித்தவன்.

நீ விரிசல்களின் குறுக்கே ஒட்டிவிட்டுப் போன ஏழு கண்ணாடிச் சில்லுகளைப் பற்றிக் கவலை வேண்டாம். இன்று காலையும் பார்த்தேன். நோட்டில் எழுதிவிட்டேன்: ‘ஏழும் முழுசு.’

இப்படிக்கு,
முப்பத்தொரு வருடமாக இந்தக் கட்டடத்தைப் பூட்டித் திறக்கும் உன் தாய்மாமன்


ஆகஸ்ட் 28

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். தாம்பாளம் அளவா, தட்டு அளவா? ஒரு சாண் தள்ளியா, ஒரு முழம் தள்ளியா? சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இங்கே சிரிப்பு வரவில்லை.

இந்த மலை உச்சியில் நாங்கள் பிரித்துக் கட்டும் காவல் கோபுரம் நம் கட்டடத்தைவிட நூறு வருடம் மூத்தது. இருந்தும் உறுதியாக நிற்கிறது, ஏனென்றால் இதை யாரும் ‘அழகு’ படுத்தவில்லை. உங்கள் வடக்குச் சுவருக்கு எட்டு வருடம் முன்னால் சிமென்ட் பூசினார்கள், அதன்மேல் பளபளவென்று பெயின்ட் அடித்தார்கள். பழைய சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும் மாமா. கீழே மண்ணிலிருந்து ஈரம் ஏறும், காற்றில் உலர்ந்துவிடும். சிமென்ட் அதன் மூக்கைப் பொத்திவிட்டது. இப்போது ஈரம் உள்ளேயே தங்குகிறது. கடற்கரை ஊர், ஈரத்தில் உப்பு இருக்கும். ஈரம் காயும்போதெல்லாம் உப்பு கல்லாகிப் பெருத்து, செங்கலை உள்ளிருந்தே நொறுக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

அதனால்தான் கண்ணாடி. சுவர் மயிரிழை நகர்ந்தாலும் அது உடைந்துவிடும். உடையாத வரை சுவர் நகரவில்லை என்று அர்த்தம். உங்கள் நோட்டிலிருந்த மூன்று மாத விவரத்தை நம்பித்தான், ‘மழைக்காலம் முடியும் வரை வடக்கு அறையைப் பயன்படுத்தலாம்’ என்று போன வாரம் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். உங்கள் கடிதங்களில் நான் அப்படியே நம்பும் ஒரே விஷயம் அந்த நோட்டுதான். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கண்ணாடி சரியாக இருக்கும்போது காரை ஏன் விழுந்தது? அதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

அலங்காரம் இல்லாமல் பதில் எழுதுங்கள். சுவரில் வெள்ளைப் பொடி இருக்கிறதா? துடைத்தால் திரும்ப வருகிறதா? கதவு, ஜன்னல் இடிக்கிறதா? வெளியே ஏதாவது மாறியிருக்கிறதா?

அம்மாவின் மேஜை நாலாம் நம்பர் கண்ணாடிக்கு நேர் கீழே இருக்கிறது. எப்படியாவது எதிர்ப்பக்கம் தள்ளிப் போட வையுங்கள். நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள்.

அன்புடன்,
குருவி


செப்டம்பர் 3

அன்புள்ள குருவிக்கு,

அலங்காரம் வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். உப்பில்லாமல் சமைக்கச் சொல்கிறாய். சரி, முயற்சி செய்கிறேன்.

வெள்ளைப் பொடி இருக்கிறது. இடுப்பு உயரம் வரை பூத்திருக்கிறது. திங்கட்கிழமை துடைத்தால் வியாழக்கிழமை மறுபடி வந்துவிடுகிறது, கூப்பிடாத விருந்தாளி மாதிரி. நான் விடுவேனா? விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பேதான். ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் ஒரு மாதம் ஆகும், மாமன் நாக்கு ஒரு நொடியில் சொல்லிவிட்டது பார். பொடிக்காரர் அதைப் பார்த்துவிட்டு, “அப்படியே கொஞ்சம் மிளகாய்த்தூளும் போட்டுக்கங்க” என்றார். அவரை நான் மனிதனாகவே மதிப்பதில்லை.

வெளியே சாலையை மறுபடி உயர்த்திவிட்டார்கள். இத்தோடு நாலாவது தடவை. முன்பு நம் வாசலில் ஏறிப் போக மூன்று படி இருந்தது, இப்போது ஒரு படி இறங்கி வர வேண்டும். மழை பெய்தால் தெருத் தண்ணீரெல்லாம் வடக்குச் சுவர் ஓரம் வந்து குளம் கட்டுகிறது. ரோடு உருட்டுகிற வண்டி பத்து நாள் வெளியே உருண்டது. பதிவேடுகளெல்லாம் அலமாரியில் நடுங்கின. உள்ளே பதிவேடுகளுக்காக ஏசி வைத்திருக்கிறார்கள், ஜன்னலைத் திறக்கக் கூடாதாம். சுவர் காலையில் வியர்த்திருக்கிறது. கை வைத்தால் காய்ச்சல் விட்ட பிள்ளையின் நெற்றி மாதிரி இருக்கிறது.

கதவு இடிக்கிறது. முன்பு ஒரு விரலால் சாத்துவேன், இப்போது தோளைக் கொடுத்துச் சாத்த வேண்டியிருக்கிறது. வயசாகிவிட்டது என்று நினைத்தேன், கதவுக்கு.

இன்னொன்று. எழுதலாமா வேண்டாமா என்று பார்த்தேன். சுவருக்குள் எலி புகுந்திருக்கிறது. மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் காதை வைத்துக் கேட்டால், முறத்திலிருந்து அரிசி சரிகிற மாதிரி ஒரு சத்தம். சரசரவென்று வரும், நிற்கும், மறுபடி வரும். பயமெல்லாம் இல்லை. சும்மா, அந்த அறைக்கு நான் தனியாகப் போவதைக் கொஞ்சம் குறைத்திருக்கிறேன், வேலை அதிகம்.

மேஜை விஷயம் பேசினேன். நான் எவ்வளவு நயமாகப் பேசுவேன் என்று உனக்குத் தெரியும்.

“அக்கா, மேஜையை அந்தப் பக்கம் போட்டுக்கலாமே, நல்லா காத்து வரும்.”

“ஜன்னலையே திறக்க விட மாட்டேங்கறாங்க. காத்து எங்கிருந்து வரும்?”

“வெளிச்சம் வரும்.”

“யாரு எழுதியிருக்கா, உன் மருமகளா?”

“சேச்சே. எனக்கே தோணிச்சு.”

“உனக்கா தோணிச்சுன்னா அது தப்பாத்தான் இருக்கும். இருபத்தாறு வருஷமா இங்கதான் உக்காந்திருக்கேன். இந்தச் சுவத்துக்கு என்னைத் தெரியும். போ.”

போய்விட்டேன்.

கண்ணாடி பற்றி மட்டும் நிம்மதியாக இரு. வாரா வாரம் வினிகர் போட்டுத் துடைக்கிறேன். ஏழும் வைர மூக்குத்தி மாதிரி மின்னுகின்றன. நாலாம் நம்பரில் முகம் பார்த்துத் தலை சீவலாம்.

இப்படிக்கு,
உப்பை நாக்கால் கண்டுபிடித்த உன் மாமா


செப்டம்பர் 11

அன்புள்ள மாமா,

அது எலி இல்லை.

அந்தச் சுவர் இரண்டு செங்கல் தோல், நடுவில் சுண்ணாம்பும் கல்லும் கொட்டிய வயிறு. அந்த வயிறுதான் மணலாகி உள்ளுக்குள் இறங்குகிறது. நீங்கள் கேட்ட சத்தம் அதுதான். மத்தியானம் வெயில் ஏறும்போது காயும், காய்ந்ததும் உதிரும். தயவுசெய்து இனிமேல் காதை வைத்துக் கேட்காதீர்கள். அங்கே சாயாதீர்கள்.

இப்போது நான் கேட்பதற்கு நேராகப் பதில் வேண்டும். உங்களைக் குற்றம் சொல்ல எழுதவில்லை.

நான் ஒட்டியது ஆய்வுக்கூடக் கண்ணாடிச் சில்லு, காகிதம் மாதிரி மெலிசு. ஈரச் சுவரில், உப்புப் பூத்த இடத்தில், நாலு மாதம் கழித்து அது மங்கிப் போயிருக்க வேண்டும். என்னதான் துடைத்தாலும் ஓரத்தில் பசை மஞ்சளாகியிருக்க வேண்டும். முகம் பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள்.

நாலாம் நம்பர் கண்ணாடியின் வலது மூலையில் நான் தேதி எழுதியிருந்தேன். எந்த நிற மையில்? யார் கையெழுத்தில் இருக்கிறது? போய்ப் பார்த்து, பார்த்ததை மட்டும் எழுதுங்கள்.

நான் போட்ட கையெழுத்தை நினைத்தால் தூக்கம் வரவில்லை. அந்தக் காகிதத்தின் தைரியத்தில்தான் அம்மா அங்கே உட்கார்ந்திருக்கிறாள்.

குருவி


செப்டம்பர் 18

அன்புள்ள குருவிக்கு,

மழை ஆரம்பித்துவிட்டது. மூன்று நாளாக விடவில்லை. வடக்குச் சுவர் ஓரம் முழங்கால் தண்ணீர். கணுக்கால். சரி, கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே.

நீ கேட்டதற்கு வருகிறேன். பச்சை மையில் எழுதியிருந்தாய். இப்போது இருப்பது நீல மை. கையெழுத்து என்னுடையது. உன்னுடையதைவிட அழகாக இருக்கும்.

கோபப்படாமல் படி. மே மாதம் நீ பஸ் ஏறும்போது என் கையைப் பிடித்து என்ன சொன்னாய்? “பத்திரமாப் பாத்துக்கங்க மாமா. இதுல ஒண்ணு உடைஞ்சாக்கூட அறையை மூடிடுவாங்க” என்று சொன்னாயா இல்லையா? நான் பத்திரமாகப் பார்த்துக்கொண்டேன். என் பொறுப்பில் இருக்கிற பூட்டு துருப்பிடித்ததுண்டா? உடைந்த ஓடு உடைந்தபடி கிடந்ததுண்டா? ஜூன் மாதம் ஒரு காலையில் வந்து பார்த்தால் நாலாம் நம்பர் குறுக்கே கீறி இரண்டாக நிற்கிறது. காற்றில் கதவு அடித்து உடைந்திருக்கும் என்று நினைத்தேன். அதிகாரி பார்த்தால் உன் வேலையைப் பார்த்துச் சிரிப்பார், அறையையும் மூடுவார், அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்பின் தெரியாத ஊருக்குப் போவாள். படத்துக்குச் சட்டம் போடுகிற கடைக்காரர் நம்ம சிநேகிதர். அவரிடம் அதே அளவுக்கு ஒரு துண்டு வெட்டி வாங்கி, யாரும் வருவதற்குள் ஒட்டிவிட்டேன். நோட்டில் ‘ஏழும் முழுசு’ என்று எழுதினேன். எழுதியபோது ஏழும் முழுசாகத்தான் இருந்தன. அதில் பொய்யே கிடையாது.

பிறகு ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் கிடைத்தது. கதவு. ரோடு வண்டி. பொடிக்காரர் தும்மல்.

உடைந்த துண்டுகளை எறியவில்லை. நான் எதையுமே எறிவதில்லை என்று உனக்குத் தெரியும். ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்றி, தேதி போட்டு, பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறேன். மற்ற ஆறும் நீ ஒட்டியபடியே இருக்கின்றன. நாலாம் நம்பர் உடைந்த தேதிகள் இவை: ஜூன் 28. ஜூலை 30. ஆகஸ்ட் 21. செப்டம்பர் 4. செப்டம்பர் 12. செப்டம்பர் 17.

பதினேழாம் தேதி என்றால் நேற்று. நேற்றே மாற்றிவிட்டேன்.

இவ்வளவு எழுதிவிட்டேன், இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். கதவு அடித்து உடையவில்லை என்று எனக்கு உள்ளுக்குள் தெரியும். மூன்றாவது தடவையே தெரியும். ஆனால் தெரிந்ததாக ஒத்துக்கொண்டால் அப்புறம் ஏதாவது செய்தாக வேண்டுமே. கண்ணாடியை மாற்றுவது சுலபமாக இருந்தது.

மாமா


செப்டம்பர் 24

மாமா,

சாலை மண் சரிந்து மூடிவிட்டது, போன் கம்பியும் அறுந்து கிடக்கிறது. நடந்தே கீழே இறங்கி வந்தேன். சரிவுக்கு இந்தப் பக்கம் நிற்கிற ஒரே லாரிக்காரரிடம் இதைக் கொடுக்கிறேன். சுற்றுவழியில் இரண்டு நாளில் வந்துவிடுவேன் என்கிறார். உங்கள் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். வண்டியில் சரக்குக்கு நடுவில்கூட இடமில்லை, இல்லாவிட்டால் நானே வந்திருப்பேன். அடுத்த வண்டிக்காகக் காத்திருக்கிறேன்.

உங்கள் தேதிகளுக்கு இடையில் எத்தனை நாள் என்று எண்ணிப் பாருங்கள். நான் ஒட்டியதிலிருந்து முதல் உடைப்புக்கு நாற்பத்தேழு நாள். அடுத்தது முப்பத்திரண்டு. இருபத்திரண்டு. பதினான்கு. எட்டு. ஐந்து.

அதற்கு அடுத்தது மூன்றாக இருந்திருக்கும். பிறகு இரண்டு. பிறகு ஒன்று. நான் இதை எழுதுகிற நேரத்தில் அது நாள் கணக்கைத் தாண்டிவிட்டிருக்கும்.

ஈரம் ஏற ஏற வயிறு இறங்குகிறது, தோல் மட்டும்தான் நிற்கிறது. சிமென்ட் பூச்சு அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, நின்றுகொண்டே செத்துப்போனவரைச் சட்டை தாங்குகிற மாதிரி. அது கொஞ்சம் கொஞ்சமாக விழாது. மொத்தமாக விழும்.

இதைப் படித்து முடிக்கும் முன்பே போய் அம்மாவை வெளியே கொண்டுவாருங்கள். எல்லாரையும். நான் சொன்னேன் என்றால் எழுந்திருக்க மாட்டாள். அதனால் என் பேரைச் சொல்லாதீர்கள். என்ன சொல்வீர்களோ எனக்குத் தெரியாது. வாழ்நாள் முழுக்க நீங்கள் விட்ட கதையெல்லாம் இன்றைக்கு ஒரு நாள் உதவட்டும். எந்தப் பொய் வேண்டுமானாலும் சொல்லுங்கள். அவள் நம்புகிற பொய்யாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உங்களைத் திட்ட நினைத்தேன். முதலில் அவள் வெளியே வரட்டும்.

குருவி


செப்டம்பர் 28

அன்புள்ள குருவிக்கு,

உன் அம்மா சௌக்கியம். அதை முதல் வரியில் எழுதிவிட்டேன், பார். அக்கா சௌக்கியம், பொடிக்காரர் சௌக்கியம், நான் சௌக்கியம். சுவர் இல்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன். செய்தித்தாள்காரர் இரண்டு தடவை வந்து கேட்டுப் போனார், உனக்குத்தான் முழுசாகச் சொல்கிறேன்.

இருபத்தாறாம் தேதி காலை பதினொரு மணிக்கு லாரிக்காரர் வந்தார். உடம்பெல்லாம் சேறு. “சாவிக்கார மாமா யாரு? அந்தப் பொண்ணு அழுதுட்டே குடுத்துச்சு” என்றார். வராந்தாவில் நின்றபடி படித்தேன். பாதியிலேயே போய்விட்டேன், நீ சொன்ன மாதிரி.

நாலாம் நம்பரைப் பார்த்தேன். இருபதாம் தேதியும் உடைந்தது, இருபத்திரண்டும் உடைந்தது. அதோடு மாற்றுவதை விட்டுவிட்டேன், கை வரவில்லை. அன்றைக்குப் பார்த்தால் இரண்டு துண்டுக்கும் நடுவே என் சுண்டு விரல் போகிறது. விட்டுப் பார்த்தேன். உள்ளேயிருந்து ஜில்லென்று காற்று வந்தது. சுவருக்குள் காற்று எப்படி வரும்? அந்த அரிசிச் சத்தம் இப்போது நின்று நின்று வரவில்லை. விடாமல் கொட்டிக்கொண்டே இருந்தது. முப்பத்தொரு வருடத்தில் அந்தக் கட்டடத்துக்குள் எனக்கு வழி தெரியாமல் போனது அன்றைக்குத்தான். கதவு எந்தப் பக்கம் என்று ஒரு நொடி திகைத்து நின்றேன்.

பொடிக்காரரிடம் “ஓய், சுவர் விழப்போகுது” என்றேன். அவர் கேள்வியே கேட்கவில்லை. அந்த உடம்போடு அவர் ஓடின வேகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பொடி டப்பாவைக்கூட விட்டுவிட்டு ஓடினார். தெற்கு அறைக்காரர்களையும் அவரே தட்டி எழுப்பி வெளியேற்றினார், அந்த நல்லதை மறைக்க மாட்டேன்.

அக்கா முன்னால் போய் நின்றேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “அக்கா, இந்தக் கட்டடத்தோட சாவி என் கையில இருக்கு. நான் சொல்றேன், எழுந்திரு” என்றேன். என் குரலில் அன்றைக்கு என்ன இருந்ததோ தெரியாது. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பேனாவை மூடினாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டாள். எழுந்து வந்துவிட்டாள். தம்பி பேச்சை நம்பி எழுந்து வந்தாள் குருவி.

ஒரு மணி பத்து நிமிடத்துக்கு விழுந்தது. நீ எழுதின மாதிரியே மொத்தமாக. வெடிச் சத்தமெல்லாம் கேட்கவில்லை, ஏதோ பெரிய மிருகம் மூச்சை விட்டுப் படுத்த மாதிரி இருந்தது. சிமென்ட் பூச்சு அப்படியே பலகை பலகையாக, அதற்குப் பின்னால் வெறும் மணல். ஒரு செங்கலை எடுத்தேன், கையில் மாவாகிவிட்டது. தூசி அடங்க அரை மணி நேரம் ஆனது. அக்காவின் மேஜை இருந்த இடத்தில் என் உயரத்துக்குக் குவியல். நாற்காலியின் ஒரு கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

நான் வாந்தி எடுத்தேன். இதைச் செய்தித்தாள்காரரிடம் சொல்லவில்லை.

மேலதிகாரி வந்து உன் கையெழுத்துப் போட்ட காகிதத்தை ஆட்டிக் காட்டினார். நான் பிஸ்கட் டப்பாவைக் கொண்டுபோய் அவர் முன்னால் கொட்டினேன். ஏழு பொட்டலம், ஏழு தேதி. எட்டாவது சுவரோடு போய்விட்டது. “இந்தப் பொண்ணு மேல தப்பு இல்லைங்க. நோட்டுல பொய் எழுதினது நான்” என்றேன். எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிக் கையெழுத்தும் போட்டேன். சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டார்கள். இடுப்பு லேசாக இருக்கிறது. நடக்கும்போது சத்தமே வராததால் யாரோ மாதிரி இருக்கிறது.

ஊரில் எல்லாரும் என்னைக் கொண்டாடுகிறார்கள். எதிரே வருகிறவர்களெல்லாம் “அக்காவைக் காப்பாத்தின மனுஷன்” என்கிறார்கள். நானும் கூச்சப்படுகிற மாதிரி காட்டிக்கொள்கிறேன்.

இங்கே நிறுத்திவிடலாம் என்றுதான் பார்த்தேன். கடிதத்தை மடித்து உறையில்கூடப் போட்டுவிட்டேன். மறுபடி பிரித்திருக்கிறேன்.

அக்கா என் பேச்சை நம்பி எழுந்து வந்தாள் என்று எழுதினேனே, அது நடக்கவில்லை. சாவி என் கையில இருக்கு என்று நான் சொன்னதற்கு அவள், “சாவிதானே இருக்கு, புத்தி இல்லையே” என்றாள். சுவர் விழப்போகிறது என்றேன், “உன் மருமக சொல்லிக் குடுத்தாளா?” என்று மறுபடி குனிந்துகொண்டாள். நான் கெஞ்சினேன். கையைப் பிடித்து இழுத்தேன், உதறிவிட்டாள். அவள் தலைக்கு மேலே அரிசி கொட்டுகிறது, எனக்குக் கேட்கிறது, அவளுக்குக் கேட்கவில்லை. அப்போதுதான் அது வாயில் வந்துவிட்டது. யோசித்துச் சொல்லவில்லை.

“அக்கா, குருவி உனக்கு லெட்டர் போட்டிருக்கா. உன் பேருக்கு. ரெஜிஸ்டர் தபால். நீயே நேர்ல வந்து கையெழுத்துப் போட்டாத்தான் குடுப்பாங்களாம். மத்தியானத்தோட திருப்பி அனுப்பிடுவாங்களாம்” என்றேன்.

பேனாவை மூடவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றவில்லை. செருப்பை மேஜைக்கு அடியிலேயே விட்டுவிட்டு, அந்த மழையில் குடைகூட இல்லாமல் ஓடினாள் குருவி. அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை.

சுவர் விழுந்தபோது தபால் நிலையத்தில் நின்று, எல்லாப் பையையும் கொட்டிப் பார்க்கச் சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாளாம். திரும்பி வந்து குவியலைப் பார்த்தாள். நாற்காலிக் காலைப் பார்த்தாள். என்னிடம் சுவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. “வரலைங்கறாங்களே, நீ சரியாப் பாத்தியா?” என்றுதான் கேட்டாள்.

நாளைக்கு வரும் என்றேன். நேற்றும் அதையே சொன்னேன், இன்றும் சொன்னேன். தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசலில் போய் நிற்கிறாள், வேறு வேலையாக நிற்கிற மாதிரி.

ஆகையால் அவளுக்கு ஒரு கடிதம் எழுது. செப்டம்பர் இருபது என்று தேதி போடு. அந்த மழையில் எங்கேயோ மாட்டிக்கொண்டது என்று சொல்லிக்கொள்ளலாம், முத்திரையை யாராவது கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன். உள்ளே என்ன எழுதியிருந்தாய் என்று அவள் என்னைக் கேட்டாள். நான் வாயைத் திறந்தேன். அதை மட்டும் என்னால் கட்டிச் சொல்ல முடியவில்லை.

மாமா